கூட்டம் குறையட்டும்

எங்கள் கலர் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ரோலைக் கழுவிப் பார்க்கும்போது இருட்டாக, கலங்கலாக, எங்கேயோ வெளிச்சம் புகுந்து கெட்டுப்போன மாதிரி தெரிகிற படங்களைப் பிரிண்ட் போட மாட்டோம். நெகட்டிவை மட்டும் கவரில் போட்டு, கேமராவை ஒரு தடவை ரிப்பேர் கடையில் காட்டுங்க சார் என்று சொல்லி அனுப்பிவிடுவோம். பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் கஸ்டமர் நம்மிடம்தான் சண்டைக்கு வருவார். அந்த வழக்கப்படிதான் ஒருத்தர் கொண்டுவந்த முதல் ரோலை நான் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். முழு ரோலில் ஒரு படம்கூடத் தேறவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கவுண்டரைத் தட்டியிருப்பார்கள். இவர் கவரை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய், கல்யாண ஆல்பங்கள் அடுக்கிவைத்திருக்கும் அலமாரி பக்கம் நின்றார். கவுண்டரில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் போகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பிறகு மெதுவாக வந்து நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்.

"இது கெட்டுப்போகலைம்மா. அங்க சாயங்காலம்."

எங்கே சாயங்காலம் என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்று எங்கள் ஓனர் சொல்வார். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் இன்னொரு கஸ்டமர் வந்துவிட்டார். இவர் மறுபடியும் அலமாரி பக்கம் போய்விட்டார். நீங்க சொல்லுங்க சார், பரவாயில்லை என்றேன். கூட்டம் குறையட்டும்மா என்றார். ஒரே ஒரு ஆள்தான் வந்திருந்தார். அவருக்கு அது கூட்டம்.

கவர்மேல் அவர் பெயரை நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மனசில்லை. தன் பெயரை யாராவது கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாலே அவருக்குக் காது சிவந்துவிடும். ஐம்பதை நெருங்கிய வயசு. மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடியில் ஒண்டியாகக் குடியிருந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடுகிற உத்தியோகம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

அந்தப் படங்களை அவர் எடுத்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி அது. தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. இவரும் ஒன்று வாங்கி வீட்டில் வைத்திருந்தார். அதைப் பொருத்திக் கொடுத்தவர் கூடவே ஒரு விளையாட்டு சி.டி.யும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் பழங்காலத்துத் துறைமுக ஊர் ஒன்று வரும். நாம்தான் திருடன். சந்து சந்தாகப் பதுங்கிப் போய், காவல்காரர்கள் கண்ணில் படாமல் ஒரு நகைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பார்த்துவிட்டால் வாளை உருவிக்கொண்டு துரத்துவார்கள். அந்த ஊரில் விடியாது, முழுக்க இருட்டவும் செய்யாது. எப்போதும் சாயங்காலம்தான்.

இவர் அந்தப் பெட்டி இருக்கிற மாளிகைப் பக்கமே போனதில்லை. கையில் இருக்கிற கத்தியை உறையில் போட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பார். பிடித்த இடத்தில் திருடனை நிற்கவைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து போய் விளக்கை அணைப்பார். ஜன்னல்களுக்கு ஏற்கெனவே கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கும். ஃபேனையும் நிறுத்திவிடுவார், காற்றில் ஸ்டாண்டு ஆடிவிடுமாம். பிறகு மானிட்டருக்கு எதிரே ஸ்டாண்டில் கேமராவை வைத்து, கேமரா அசையாமல் இருக்க அதில் செருகிய ஒயரின் முனையை அமுக்கி, அரை நொடி திறந்து வைத்து எடுப்பார். வேகமாக எடுத்தால் திரையில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடி வீடு, கோடைகாலம், ஃபேன் கிடையாது. அப்படி வேர்த்துக் கொட்டி எடுத்த படங்களைத்தான் நான் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று மெஷினில் உட்கார்ந்தேன். அங்கே வேறொரு சிக்கல். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு படமும் சின்னத் திரையில் வரும். மஞ்சளைக் கூட்டு, சிவப்பைக் குறை, வெளிச்சத்தை ஏற்று என்று கட்டைகளைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். நான் முகத்தை வைத்துத்தான் தட்டுவேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். பட்டுப்புடவை எந்தச் சிவப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மனுஷ முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். முகம் சரியாக வந்துவிட்டால் புடவை, மாலை, மண்டபத்துச் சுவர் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இவர் ரோலில் முகமே இல்லை. படிக்கட்டு, பாலம், கட்டிப்போட்ட படகு, ஈரமான கல்தரை. ஒரு ஆள் கிடையாது. எதைப் பிடித்துக்கொண்டு கலர் போடுவது?

அதனால் அவரை உள்ளே கூப்பிட்டு மெஷின் பக்கத்தில் நிற்கவைத்தேன். கஸ்டமரை உள்ளே விடக்கூடாது என்பது ஓனர் போட்ட சட்டம். ஓனரே பிறகு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். அந்தச் சுவர் என்ன கலர் சார் என்று கேட்பேன். காரை பெயர்ந்த மஞ்சள், ஆனா மேல கொஞ்சம் புகை படிஞ்சிருக்கும்மா என்பார். தண்ணீர் என்று கேட்டால் பச்சையும் இல்லை நீலமும் இல்லை என்று ஆரம்பித்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். ஏதோ நேற்றுதான் அந்த ஊருக்கு ரயிலில் போய்விட்டு வந்தவர் மாதிரி. அந்த நேரத்தில் மட்டும் அவருக்குக் கூச்சம் கிடையாது.

படங்கள் நன்றாக வந்தன. நான் சும்மா சொல்லவில்லை. தினமும் நூற்றுக்கணக்கில் பிரிண்ட் போடுகிற எனக்கு, ஒரு படத்தைப் பார்த்துக் கை நிற்பது அபூர்வம். அவருடையதைப் பார்த்து நின்றிருக்கிறது. ஒரு சந்து, அதன் கோடியில் மாடி ஜன்னல், அதில் விளக்கு. அவ்வளவுதான். பார்த்தால் யாரோ சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அந்த வீட்டுக்குள்ள யார் இருக்காங்க சார் என்று கேட்டேன். உள்ளே யாரும் இல்லை, அறையே இல்லை, வெறும் ஜன்னல்தான் செய்திருக்கிறார்கள் என்றார். சர்வசாதாரணமாகச் சொன்னார். அன்று வீட்டுக்குப் போனதும் என் பிள்ளைகளைக் கொஞ்சம் அதிகமாகவே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஓனர் ஒருநாள் அவரைச் சீண்டினார். ஊர் யாரோ கட்டினது, விளக்கு யாரோ வைச்சது, இதில நீங்க எடுக்கறதுக்கு என்ன சார் இருக்கு என்றார். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். யோசித்து யோசித்து, எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் தன்னுடையது என்றார். சாந்தோம் சர்ச் கட்டடத்தையும் யாரோதான் கட்டினார்கள், அதை நாம் படம் எடுப்பதில்லையா என்று நான் ஓனரை மடக்கினேன். நான் அந்தச் சர்ச்சுக்குப் போகிறவள், அதைத் தொட்டுப் பேசினால் ஓனர் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த நிற்கிற விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். அந்த விளையாட்டில் ஏதோ ரகசியச் சொல்லைத் தட்டினால் சுவருக்குள் புகுந்து போகலாமாம், கூரைமேல் பறக்கலாமாம். கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்தவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவர் அதைத் தொடவில்லை. மேலே இருந்து எடுத்தால் துறைமுகம் முழுக்க அழகாகத் தெரியுமே சார் என்றேன். "அங்க ஒரு ஆள் கால் ஊணி நிக்க முடியணும்மா. நிக்க முடியாத இடத்துலேர்ந்து எடுத்தா, அது யாரு பார்த்தது?" என்றார்.

அவர் வெளியிலும் படம் எடுப்பார். அறுபத்து மூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் முழுக்க கேமராவும் கையுமாக அலையும். மறுநாள் எங்கள் கடையில் ரோல் குவியும். எல்லா ரோலிலும் சாமியும் ஜனமும். இவர் ரோலில் மட்டும் எல்லாரும் போன பிறகு கிடக்கிற மாட வீதி. அறுந்த செருப்பு, காலி மோர்ப் பானை, நசுங்கிய பூ. பெசன்ட் நகர் பீச்சில் சாயங்காலம் போய் நின்று ஒரு படமும் எடுக்காமல் திரும்பி வருவார். மறுநாள் உச்சி வெயிலில், காக்கா மட்டும் இருக்கிற நேரத்தில், லீவு போட்டுவிட்டுப் போய் எடுப்பார்.

ஆள்களை ஏன் சார் எடுக்க மாட்டேங்கறீங்க என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். கேட்கணுமே என்றார். எடுக்கலாமா என்று அவர்களைக் கேட்க வேண்டுமே என்று அர்த்தம். ஒரே ஒரு தடவை கேட்காமல் எடுக்கப் போயிருக்கிறார், சின்ன வயசில், பட்டினப்பாக்கத்தில். மீன் விற்கிற அம்மா ஒருத்தி, கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாளாம். முகம் நன்றாக இருந்ததாம். கேமராவைத் தூக்கினதும் அவள் பார்த்துவிட்டாள். "இன்னா நைனா, சொல்லாம கொள்ளாம பொம்பளைய போட்டோ புடிச்சிக்கினு கீறே?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். நான் என்றால் சிரித்துக்கொண்டே ஒரு கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு, அவளையே போஸ் கொடுக்கச் சொல்லியிருப்பேன். இவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு லஸ் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறார். இதை என்னிடம் சொல்லும்போதும் அவருக்குக் காது சிவந்திருந்தது.

போட்டோ எடுக்கிறவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு குழுவில் அவர் ரொம்ப வருஷமாக மெம்பர். மாதம் ஒரு தடவை அடையாறில் கூடுவார்கள். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார். வருஷத்துக்கு ஒருமுறை தி.நகரில் ஒரு ஹாலை எடுத்து, சனி ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி வைப்பார்கள். இவரும் வருஷா வருஷம் படம் கொடுப்பார். நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளே இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர் அதற்கு வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. ஒருநாள் பெரிய சைஸ் பிரிண்ட் ஒன்றை நான் சுருட்டிக் கொடுக்கும்போது, வீட்டில் மாட்டுவதற்கா என்று கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வீட்ல மாட்டிப் பார்த்துட்டேன்மா. வீட்ல மாட்டினா காலண்டர் மாதிரி ஆயிடுது. ஒரு தடவை, நாலு பேர் நடமாடற இடத்துல, சுவர்ல என் படம் இருக்கறதைப் பார்க்கணும்."

இவ்வளவு காலத்தில் தனக்கு வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அன்றிலிருந்து எனக்கும் அது பிடித்துக்கொண்டது. அந்தப் படம் சுவரில் ஏறியே ஆகவேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகமாகத் தவித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் பார்த்து குழுவில் தலைப்பு கொடுத்தார்கள். முகம். முகம் இல்லாத படம் வாங்கமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் அதை என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் வந்து வந்து போனார். ஏதாவது பழைய நெகட்டிவைக் கொடுப்பார், கவரை வாங்குவார், நிற்பார், போய்விடுவார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வாயால் வரட்டும் என்று நானும் விட்டுப் பிடித்தேன். கடைசியில் கவுண்டரில் இருந்த கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டே, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா என்று கேட்டார். ஐம்பது வருஷத்தில் அவர் அப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று சத்தியம் பண்ணுவேன்.

மறுநாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கம் என் ரெக்சின் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். ஸ்டாண்டை வைத்தார். கேமராவில் கண்ணை வைத்தார். வைத்தார், வைத்தார், வைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கழுத்து வலித்தது. உள்ளேயிருந்து ஓனர் கூப்பிட்டார். ஆச்சா சார் என்றேன். ஆச்சும்மா, ஆச்சு என்றார். எழுந்து உள்ளே ஓடினேன்.

ரோலைக் கழுவி மெஷினில் வைத்தால், நான் இல்லை. ஜன்னல் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது. ரெக்சின் மெத்தையில் நான் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இன்னும் மேலே எழும்பாமல் அப்படியே இருக்கிறது. நான் எழுந்து போன பிறகு எடுத்திருக்கிறார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். என் வீட்டுக்காரர் வேறு, அந்தப் படத்தில் ஒரு பிரதி வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். என் முகம் எங்கே சார் என்றேன். அவர் பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேமராவைப் பார்க்கும்போது, என்னையே பார்க்கற மாதிரி இருந்துதும்மா."

"உங்களைத்தான் சார் பார்த்தேன்."

"அதான்," என்றார்.

கோபம் போய்விட்டது. அவர் போன பிறகு அந்தப் படத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து எழுந்தவள் நான்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரோ செத்துப்போன வீட்டுப் படம் மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த வாரமே அவர் புதிதாக ஒரு யோசனையோடு வந்தார். அந்தத் துறைமுகத்தில் விளக்குக் கம்பத்தடியில் ஒரு காவல்காரன் நிற்பானாம். கடலைப் பார்த்தபடி நிற்பான், கொஞ்சம் நடப்பான், மறுபடி வந்து நிற்பான். அவன் முகத்தை எடுக்கப்போகிறேன் என்றார். அவனைக் கேட்க வேண்டாம் பாருங்கள் என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. முகம் தெரியவேண்டும் என்றால் அவன் இவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும். திரும்பினால் இவரைக் கண்டுகொள்வான். கண்டுகொண்டால் வாளை உருவிக்கொண்டு ஓடி வருவான். விளையாட்டை நடுவில் நிறுத்தினால் திரை மாறிவிடுமாம், கேமராவுக்கோ அவன் அரை நொடியாவது அசையாமல் நிற்கவேண்டும். தன்னைப் பார்க்கிறவன் தன்னைப் பார்க்காமல் இருக்கவேண்டும். இதுதான் கணக்கு.

வாராவாரம் ரோல் வந்தது. நெகட்டிவ் மெஷினுக்குள் போகும்போதே லேபில் இருக்கிற எல்லாரும் கூடிவிடுவோம். முதலில் முதுகு. பிறகு தோள்பட்டை. ஒரு வாரம் காது மட்டும் வந்தது. காது வந்தாச்சு, இனிமே மூக்கு வர எத்தனை நாள் என்று ஓனர் ஜோசியம் சொன்னார். ஒரு படத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே தீற்றல், அதிலிருந்து ஒரு வாள் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு படத்துக்காக இவர் விளையாட்டுக்குள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிராயிங் தாளின் ஓரத்தில் அந்தக் கம்பத்தையும், நிழல் விழுகிற பக்கத்தையும் வரைந்து பார்ப்பாராம்.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது அவருக்கே ஏற்ற வழி. விளக்கு வெளிச்சம் எட்டாத ஒரு மூலை இருந்தது. அங்கே போய் அசையாமல் நின்றால், காவல்காரன் நேராகப் பார்த்தாலும் அவனுக்குத் தெரியாது. கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு. அங்கே போய் நின்றுவிட்டு, விளக்கை அணைத்து, கேமராவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லையாம். அவன் நடந்தான், வந்தான், நின்றான். பிறகு எதற்கோ இந்தப் பக்கம் திரும்பி, இவர் நின்ற இருட்டைப் பார்த்தான்.

அந்த நெகட்டிவ் திரையில் வந்தபோது லேபில் எல்லாரும் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். முகம். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் முகம்தான், பலகையில் செதுக்கின மாதிரி கன்னமும் தாடையும். கண் வரைந்து வைத்ததுதான். இருந்தாலும் முகம். என் கை தானாகக் கட்டைகளைத் தட்டியது. தட்டி முடித்து பிரிண்டைக் கையில் எடுத்தால், காவல்காரன் நல்ல மாநிறமாக, பட்டினப்பாக்கத்தில் கட்டுமரம் தள்ளுகிறவர்களில் ஒருத்தர் மாதிரி இருந்தான். பழக்கதோஷம். எனக்குத் தெரிந்த முகம் அதுதானே. தப்பாப் போச்சு சார், அங்க என்ன கலர் சொல்லுங்க, மாத்திடறேன் என்றேன். அவர் பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வேண்டாம்மா. இப்ப இவரு நம்மூர்க்காரர் மாதிரி இருக்காரு. இருக்கட்டும்."

அதுவரை அவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அன்றிலிருந்து அவரு என்று சொல்ல ஆரம்பித்தார்.

குழுவில் அந்தப் படத்தை வைத்துப் பெரிய விவாதம் நடந்ததாம். இது போட்டோவே இல்லை என்று சிலர். கேமராவில் ஃபிலிம் போட்டு எடுத்தது, பிறகு என்ன என்று சிலர். இவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். எப்படியோ தலைவர் மனசு வைத்து, ஓரமாக ஒரு இடம் ஒதுக்கினார். செய்தி சொல்ல அன்று அவர் கடைக்கு வந்தபோது கவுண்டரில் ஆள்கள் இருந்தார்கள். அப்படியும் ஓரமாகப் போகாமல் நேராக வந்து சொன்னார். அந்த ஒரு நாள்தான்.

கண்காட்சியின் இரண்டாம் நாள், ஞாயிறு சாயங்காலம், நான் பஸ் பிடித்து தி.நகர் போனேன். ஹாலுக்கு எதிர்ப்பக்கம், சாத்தியிருந்த ஒரு பாத்திரக் கடை வாசலில் அவர் நின்றிருந்தார். சலவைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. பார்த்தாச்சா சார் என்றேன். இல்லை, நேற்றும் வந்தேன், கூட்டமாக இருந்தது, இன்றைக்குக் கொஞ்சம் குறையட்டும் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாங்க, நான் கூட இருக்கேன் என்று ரோட்டைத் தாண்ட வைத்து, படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போனேன். மேலேயிருந்து ஒரு கும்பல் பேசிச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தது. அவர்களுக்கு வழிவிட ஒதுங்கினவர், அப்படியே ஒதுங்கி ஒதுங்கி மறுபடியும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். நீங்க போய்ப் பாருங்கம்மா, நான் அப்புறம் போறேன் என்று கையைக் காட்டினார். போங்க சார் என்று முறைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

ஹால் முழுக்க முகங்கள். சுருக்கம் விழுந்த தாத்தாக்கள், சிரிக்கிற குழந்தைகள், மணப்பெண்கள். அவர் படம் கடைசி மூலையில், தண்ணீர் டிரம் வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. கீழே சின்னச் சீட்டில் காவல்காரர் என்று தலைப்பு, அதற்குக் கீழே கம்ப்யூட்டர் விளையாட்டில் எடுத்தது என்று அவரே எழுதச் சொல்லியிருந்த வரி. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் குடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். காலேஜ் பையன்கள் இரண்டு பேர், இது கேம்டா என்று சிரித்தார்கள். யாரும் நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.

நான் கையால் போட்ட பிரிண்ட்தான் அது. ஆனால் சுவரில், மேலே ஒரு சின்ன பல்பு எரிய, அது வேறாக இருந்தது. வேலை முடிகிற நேரத்தில் களைத்துப் போன ஒரு ஆள், எதிரே இருக்கிற இருட்டில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறார். யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். அங்கே ஒருத்தர் நிற்பது எனக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று நிற்கிறார். அந்தக் காவல்காரர் பார்த்துத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு, முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதேன்.

வெளியே வந்தபோதும் அவர் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். பஸ் வந்துவிட்டது. போய்ப் பாருங்க சார் என்று கத்திவிட்டு ஏறிக்கொண்டேன்.

மறுநாள் வந்தார். கவுண்டர் காலியாகும்வரை நின்றார். பார்த்தீங்களா என்று கேட்டேன். எல்லாரும் போன பிறகு ரோட்டைத் தாண்டிப் போனாராம். வாட்ச்மேன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தான். இன்னா சார் வோணும் என்று கேட்டிருக்கிறான். இவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு நிமிஷம் திற என்றால் திறந்திருப்பான். காலையில் எல்லாப் படத்தையும் கழற்றி மூட்டை கட்டிவிட்டார்கள். எனக்கு அவரைத் திட்டவேண்டும் போல இருந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"சுவர்ல எப்படிம்மா இருந்துது?"

சொன்னேன். எந்த உயரத்தில் இருந்தது, வெளிச்சம் எங்கேயிருந்து விழுந்தது, பக்கத்துச் சட்டத்தில் யார் முகம், எல்லாம் சொன்னேன். தண்ணீர் டிரம்மை விட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். யாராவது நின்று பார்த்தார்களா என்றார். ஒரு பொம்பளை ரொம்ப நேரம் நின்னு பார்த்தாங்க சார் என்றேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தவள் நின்றாள் என்றால் அதற்கு என்ன மதிப்பு?

அவர் கண்ணைத் திறந்தார்.

"அவங்க முகம் எப்படி இருந்துதும்மா?"

"அழுதாங்க சார்," என்றேன். என் கை தானாக முந்தானைக்குப் போய்விட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கால்குலேட்டரை இல்லை, கவரை இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்வையை எடுக்காமல் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன்.

பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கஸ்டமர் உள்ளே வந்தார். இவர் ஓரமாக நகர்ந்துகொண்டார்.